காட்பாடி – ஆம்பூர் வழித்தட உணவிடங்கள்: சத்திரம் முதல் நெடுஞ்சாலை ஓட்டல் வரை

காட்பாடி – ஆம்பூர் வழித்தட உணவிடங்கள் என்பவை, பாலாற்றுச் சமவெளியில் சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் சாலையிலும் இருப்புப்பாதையிலும் செல்வோருக்கும், அவ்வழியிலுள்ள ஊர்களில் உழைப்போருக்கும் உணவும் குடிப்பதற்குரியவையும் தந்துவந்த இடங்களாகும். தண்ணீர்ப்பந்தல், சத்திரம், கூழ்க்கடை, கள்ளுக்கடை, இரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலை, காப்பி கிளப், மிலிட்டரி ஓட்டல், தேநீர்க்கடை, பிரியாணிக் கடை, நெடுஞ்சாலை ஓட்டல் ஆகியன காலந்தோறும் இங்கு தோன்றின.

இவற்றின் வரலாறு உணவு வகைகளின் வரலாறு மட்டுமன்று. யார் எந்த வாசல் வழியாக நுழையலாம், யார் யார் பக்கத்தில் உட்காரலாம், யார் எந்தக் குவளையில் குடிக்கலாம் என்னும் கேள்விகள் ஒவ்வொரு காலத்திலும் இவ்விடங்களில் எழுந்தன. அறக்கொடையாக உணவு கிடைத்த காலத்திலும் காசுக்கு உணவு கிடைத்த காலத்திலும் இக்கேள்விகள் நீங்கவில்லை. சட்டமும் போராட்டமும் சேர்ந்தே கதவுகளைச் சிறிது சிறிதாகத் திறந்தன.

வழித்தடம்

காட்பாடி, வேலூருக்கு வடக்கே பாலாற்றின் வடகரையில் அமைந்த ஊர். இன்று வேலூர் மாநகராட்சியின் ஒரு பகுதியாக உள்ளது. இங்கிருந்து இருப்புப்பாதை மேற்கே லத்தேரி, குடியாத்தம், மேல்பட்டி, பச்சகுப்பம் வழியாக ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவிலுள்ள ஆம்பூரை அடைகிறது. சாலையோ வேலூரிலிருந்து பள்ளிகொண்டா, மாதனூர் வழியாக ஆம்பூருக்கும் அதற்கப்பால் வாணியம்பாடிக்கும் செல்கிறது. இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்றவை. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்த இப்பகுதி, 2019 ஆம் ஆண்டின் பிரிவினைக்குப் பிறகு வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் அமைந்துள்ளது. ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது.

மழை குறைந்த இந்நிலப்பகுதியில் கேழ்வரகு முக்கியமான உணவுத் தானியமாக இருந்தது. கேழ்வரகுக் களியும் கூழும் உழைப்பாளர் உணவாயின. வெயில் காலத்தில் சாலையோர மரத்தடியில் பானை வைத்துக் கூழ் விற்பது இன்றும் காணக்கூடிய காட்சி. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மோர் மிளகாய் வற்றல் ஆகியவை கூழுக்குத் துணையாகும். வழியோர விற்பனை உணவுகளுள் மிக எளியதும் இதுவே.

பழந்தமிழ் வழக்கு

தொண்டை நாட்டு வழிப்பயணிகளின் உணவைப் பற்றி விரிவாகப் பேசும் பழைய நூல் பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய இந்நூலின் ஆசிரியர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். வழியில் எயினர், ஆயர், உழவர், வலைஞர், அந்தணர் முதலியோர் குடியிருப்புகளில் பாணனுக்கு என்னென்ன உணவு கிடைக்கும் என்பதை இந்நூல் வரிசையாகக் கூறுகிறது. பயணிக்கு உணவளிப்பது வீட்டாரின் கடமையாகக் கருதப்பட்ட காலத்தை இது காட்டுகிறது.

பிற்காலக் கல்வெட்டுகளில் வழிப்போக்கர்க்கான ஏற்பாடுகள் கொடைகளாகப் பதிவாகியுள்ளன. அம்பலங்களில் தண்ணீர் வைப்பதற்கும், தண்ணீர்ப்பந்தல் நடத்துவதற்கும், சாலைகளில் உணவளிப்பதற்கும் நிலமும் பொன்னும் வழங்கப்பட்டன. இங்கு ‘சாலை’ என்பது பாதையைக் குறிக்காது, அறச்சாலையைக் குறிக்கும். தண்ணீர் இறைத்து வைப்பவருக்கும், பானை வனைந்து தரும் குயவருக்கும் பங்கு ஒதுக்கிய கொடைகளும் உண்டு. கோடையில் நீரும் மோரும் வழங்கும் இன்றைய தண்ணீர்ப்பந்தல் இவ்வழக்கின் தொடர்ச்சியாகும்.

சத்திரமும் சாவடியும்

விசயநகர, நாயக்கர், மராத்தியர், நவாபு காலங்களில் பெருவழிகளை ஒட்டிச் சத்திரங்கள் பெருகின. அரசர், அதிகாரிகள், வணிகர் ஆகியோர் இவற்றைக் கட்டினர். தங்குவதற்குத் திண்ணை, சமைப்பதற்குக் கூடம், கிணறு அல்லது குளம், நிழல் மரங்கள் ஆகியவை சத்திரத்தின் பொது அமைப்பு. சிலவற்றில் சமைத்த உணவு இலவசமாகக் கிடைத்தது. மற்றவற்றில் பயணியே அரிசியும் விறகும் வாங்கிச் சமைத்துக்கொள்ள வேண்டும்.

சென்னை – பெங்களூர் சாலையில் இதன் தடயம் ஊர்ப்பெயர்களில் எஞ்சியுள்ளது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் இச்சாலையில் வரும் சுங்குவார்சத்திரம், பாலுசெட்டிசத்திரம் ஆகிய ஊர்கள் சத்திரங்களால் பெயர் பெற்றவை. ‘சாவடி’ என்னும் சொல்லும் முற்றிலும் மறையவில்லை. வழிப்போக்கர் தங்கும் இடத்தையும் ஊர்ப்பொது மண்டபத்தையும் குறித்த அச்சொல், இன்று ‘சுங்கச்சாவடி’ என்னும் பெயரில் அதே சாலையில் வழங்குகிறது.

சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்டார். அவர் தெலுங்கில் எழுதிய காசி யாத்திரைக் குறிப்புகள் வழியிலுள்ள சத்திரங்களையும் கடைகளையும் பதிவு செய்கின்றன. இரயிலுக்கு முந்தைய காலத்தில் எந்த ஊரில் சத்திரம் உண்டு, எங்கே பொருள்கள் கிடைக்கும் என்பதை அறிந்தே ஒரு நாள் பயணத்தின் எல்லை முடிவு செய்யப்பட்டது.

சத்திரத்தின் விதிகளை அதை நிறுவிய கொடையாளரே வகுத்தார். ஆகவே யாருக்கு உணவு என்பதும் அவர் விருப்பத்தைப் பொறுத்தது. பிராமணருக்கு மட்டும் சமைத்த உணவு அளித்த சத்திரங்கள் இருந்தன. ஒரு குறிப்பிட்ட சாதியார்க்கென அமைந்தவையும் இருந்தன. பல சாதியார்க்கும் உணவளித்த பெரிய சத்திரங்களிலும் பந்திகள் வேறுவேறாக இருந்தன. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்களுக்குச் சத்திரத்தின் உட்புறம் பெரும்பாலும் மூடப்பட்டே இருந்தது.

இவ்வழக்கிற்கு மாறான ஒரு முயற்சி வடலூரில் நடந்தது. இராமலிங்க வள்ளலார் 1867 மே 23 அன்று அங்கு சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி, சமயம் பாராமல் பசித்தோர் அனைவருக்கும் உணவு என்பதே அதன் நெறி. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிந்துவருகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி அரசு 1817 ஆம் ஆண்டின் ஏழாம் எண் ஒழுங்குவிதி வழியாகக் கோயில், சத்திரம் முதலிய அறக்கட்டளைகளின் மேற்பார்வையை வருவாய் வாரியத்திடம் ஒப்படைத்தது. பிற்காலத்தில் பல சத்திரங்கள் ஜில்லா போர்டு போன்ற உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்புக்கு வந்தன. ஐரோப்பிய அதிகாரிகளும் பயணிகளும் தங்குவதற்கு முசாபரி பங்களாக்கள் தனியே கட்டப்பட்டன. அங்கு சமையற்காரர் ஒருவர் இருந்து, பயணி கேட்டபின் சமைத்துக் கொடுப்பார். இவ்வாறு ஒரே சாலையில் ஆளுவோருக்கு ஓர் இடமும் ஆளப்படுவோருக்குச் சாதிவாரியாகப் பல இடங்களும் அமைந்தன.

இருப்புப்பாதையின் வருகை

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில், சென்னை இராயபுரத்திலிருந்து ஆற்காட்டுக்காக அமைந்த வாலாஜா ரோடு நிலையம் வரை 1856 சூலை 1 அன்று ஓடத் தொடங்கியது. பாதை பின்னர் காட்பாடி, ஆம்பூர், சோலையார்பேட்டை வழியாக மேற்குக் கடற்கரை நோக்கி நீண்டது. சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளைப்பாதை 1864 இல் திறக்கப்பட்டது. விழுப்புரம் – பாகாலா மீட்டர் பாதை காட்பாடி வழியாக அமைந்தபோது காட்பாடி சந்திப்பு நிலையமாயிற்று. அகலப்பாதையிலிருந்து இறங்கி மீட்டர் பாதை வண்டிக்குக் காத்திருந்தவர்களுக்கு உணவும் தண்ணீரும் வேண்டியிருந்தன.

மாட்டுவண்டியில் பல நாள் எடுத்த பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியதால் சாலைச் சத்திரங்கள் முக்கியத்துவம் இழந்தன. கட்டுச்சோறு கட்டி வந்தவர்கள் வண்டியிலேயே உண்டனர். அது இல்லாதவர்கள் நிலையத்தில் வாங்கினர். பெரிய நிலையங்களில் ஐரோப்பிய உணவுக்கும் இந்திய உணவுக்கும் தனித்தனிச் சிற்றுண்டிச்சாலைகள் ஏற்பட்டன. சென்னையின் ஸ்பென்சர் நிறுவனம் தென்னிந்திய இரயில் நிலையங்களில் ஐரோப்பிய முறைச் சிற்றுண்டிச்சாலைகளை நடத்தியது.

இரயில் பெட்டியில் சீட்டு வாங்கிய எவரும் எவர் பக்கத்திலும் உட்காரலாம். சாதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய முக்கியமான நவீன ஏற்பாடுகளுள் இரயில் ஒன்று என்பது இதனாலேயே. ஆனால் பெட்டியைவிட்டு இறங்கிச் சிற்றுண்டிச்சாலைக்குள் நுழைந்தவுடன் பழைய பிரிவு மீண்டும் நின்றது. இந்திய உணவுச்சாலைகளில் பிராமணருக்கு ஓரிடம், பிராமணர் அல்லாதாருக்கு ஓரிடம் எனத் தடுப்பு இருந்தது. நிலையங்களில் தண்ணீர் வழங்குவதற்கும் உயர்சாதியினர் எனக் கருதப்பட்டோரையே நிருவாகம் அமர்த்தியது. ஒரே கட்டணம் கொடுத்த பயணிகளுக்குள் இப்பிரிவு ஏன் என்னும் கேள்வி எழுந்தது.

சேர்ந்து உண்ணும் உரிமை

1920களில் இக்கேள்வி தமிழக அரசியலின் நடுவிடத்துக்கு வந்தது. வ. வே. சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்க்குத் தனிப்பந்தி அமைந்தது பெரும் பூசலை உண்டாக்கியது. பொதுமக்கள் பணத்திலும் காங்கிரசு பணத்திலும் நடைபெறும் இடத்தில் தனிப்பந்தி கூடாது என்று ஈ. வெ. ராமசாமி, பி. வரதராசுலு நாயுடு முதலியோர் வாதிட்டனர். ஈ. வெ. ரா. 1925 இல் காஞ்சிபுரம் மாநாட்டுக்குப் பிறகு காங்கிரசைவிட்டு விலகினார்.

சுயமரியாதை இயக்கம் தன் மாநாடுகளில் சமபந்தி உணவை வழக்கமாக்கியது. ஓட்டல்களிலும் இரயில் நிலையங்களிலும் உள்ள தனியிடங்களை நீக்குமாறு தொடர்ந்து எழுதியும் பேசியும் வந்தது. பெரியார் நீதிக்கட்சியின் தலைவராக இருந்த காலத்தில், 1941 ஆம் ஆண்டு, தென்னிந்திய இரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் பிராமணர், பிராமணர் அல்லாதார் என்னும் தனியிடப் பிரிவு நீக்கப்பட்டது. விடுதலைக்கு ஆறு ஆண்டுகள் முன்னரே இது நிகழ்ந்தது. சாப்பாட்டு மேசையில் நிகழ்ந்த இம்மாற்றம் பாடநூல்களில் அதிகம் இடம்பெறுவதில்லை.

இதே காலத்தில் நகரங்களிலும் சந்திப்பு ஊர்களிலும் காப்பி கிளப்புகளும் உடுப்பி ஓட்டல்களும் பரவின. இட்லி, தோசை, காப்பி ஆகியவை வீட்டுக்கு வெளியே காசு கொடுத்து உண்ணும் பொருள்களாயின. பல ஓட்டல்களின் பெயர்ப்பலகையில் ‘பிராமணாள்’ என்னும் சொல் இருந்தது. சைவ உணவு, ஆசாரமான சமையல் என்பதன் அறிவிப்பு அது என்று உரிமையாளர் கூறினர்; பிறரை இழிவுபடுத்தும் சொல் என்று எதிர்த்தோர் கூறினர். 1957 இல் சென்னை திருவல்லிக்கேணியிலுள்ள முரளி கபே முன்பு இப்பெயர்ப்பலகைக்கு எதிராகத் திராவிடர் கழகம் போராட்டம் தொடங்கியது. பல மாதங்கள் நடந்த அப்போராட்டத்தில் பலர் கைதாயினர். இறுதியில் அச்சொல் நீக்கப்பட்டது.

இறைச்சி உணவு பரிமாறும் இடங்கள் ‘மிலிட்டரி ஓட்டல்’ என்னும் பெயரில் வழங்கின. சைவ ஓட்டல்களிலிருந்து வேறுபடுத்திக் காட்டிய பெயர் அது. கோட்டையும் பாசறையும் சந்தையும் இருந்த வேலூர் போன்ற ஊர்களில் இவற்றுக்கும் முசுலிம்கள் நடத்திய உணவகங்களுக்கும் வாடிக்கையாளர் பெருகினர்.

கள்ளுக்கடையும் மதுவிலக்கும்

ஊர்ப்புறத்தில் குடிப்பதற்குரிய பழைய பொதுவிடம் கள்ளுக்கடை. பனை, தென்னை, ஈச்ச மரங்களிலிருந்து இறக்கிய கள் அங்கு விற்கப்பட்டது. சுண்ணாம்பு சேர்த்துப் புளிக்காமல் இறக்கும் பதநீர் வேறு. அது வெயில் காலக் குளிர்பானம். பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடிப்பது இரண்டுக்கும் பொது. கள், சாராயக் குத்தகைகள் ஆங்கில அரசுக்குப் பெரும் வருவாய் தந்தன.

இராஜாஜி முதன்மை அமைச்சராக இருந்தபோது 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939 இல் வட ஆர்க்காடு மாவட்டத்துக்கும் விரிந்தது. ஆகவே வேலூர், ஆம்பூர் வட்டாரம் மதுவிலக்கை முதலில் கண்ட பகுதிகளுள் ஒன்றாகும். இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939 இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. போர்க்காலத்தில் தளர்ந்த மதுவிலக்கு 1948 இல் சென்னை மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது.

1971 இல் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டு, 1974 இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. 1983 இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், உருவானது. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையும் அதனிடமே வந்தது. நெடுஞ்சாலை விபத்துகளைக் கருதி, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 திசம்பரில் ஆணையிட்டது. மக்கள்தொகை 20,000க்குக் குறைந்த உள்ளாட்சிப் பகுதிகளுக்கு இத்தொலைவு 2017 மார்ச்சில் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. சாலையிலிருந்து அகன்ற கடைகள் குடியிருப்புகளுக்கு அருகே வந்தபோது, தமிழகத்தின் பல ஊர்களில் பெண்கள் முன்னின்று எதிர்த்தனர். சாலைப் பயணியின் பாதுகாப்பும் ஊர்க் குடும்பங்களின் அமைதியும் ஒன்றோடொன்று மோதிய நிகழ்வு இது.

தேநீர்க்கடையும் இரட்டைக் குவளையும்

காப்பி நடுத்தர வகுப்பினரின் பானமாக வளர்ந்தபோது, தேநீர் உழைப்பாளரின் பானமாயிற்று. விலை குறைவு, சருக்கரையும் பாலும் சேர்ந்து தரும் தெம்பு, விரைவில் தயாராகும் வசதி ஆகியன இதற்குக் காரணங்கள். விடியுமுன்னே திறக்கும் தேநீர்க்கடை, தோல் தொழிற்சாலைகளுக்கும் பீடித் தொழிலுக்கும் வயலுக்கும் செல்வோரின் முதல் நிறுத்தமாகும். பாய்லர், கண்ணாடிக் கிளாஸ், வடை, பன், ஒரு பெஞ்சு, ஒரு நாளிதழ் ஆகிய இவ்வளவே அதன் மூலதனம். எழுத்தறியாதவருக்கும் நாளிதழ்ச் செய்தி உரக்கப் படித்துக் காட்டப்பட்ட இடம் அது.

இத்தகைய இடத்திலேயே இரட்டைக் குவளை முறையும் நிலவியது. தமிழகத்தின் பல ஊர்களில் பட்டியல் சாதியினருக்குத் தனிக் குவளை வைக்கப்பட்டது. அவர்கள் வெளியே நின்றோ தரையில் அமர்ந்தோ குடித்து, குவளையைத் தாமே கழுவி வைக்க வேண்டும். சில ஊர்களில் கொட்டாங்குச்சியில் ஊற்றித் தரப்பட்டது.

1950 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15 ஆம் உறுப்பு, கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றில் நுழைய எந்தக் குடிமகனையும் சாதி, சமயம், இனம், பால், பிறப்பிடம் காரணமாகத் தடுக்கக் கூடாது என்கிறது. 17 ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 1955 ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், உணவகத்தில் நுழைவதையும் அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்துவதையும் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1976 ஆம் ஆண்டின் திருத்தத்தால் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. 1989 இல் பட்டியல் சாதிகள், பட்டியல் பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது.

குவளையைச் சட்டத்தில் தனியே எண்ண வேண்டியிருந்தது கவனிக்கத்தக்கது. கதவு திறந்தாலும் குவளை வேறாக இருக்கலாம் என்பதைச் சட்டம் இயற்றியோர் அறிந்திருந்தனர். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் காகிதக் குவளை பரவிய பிறகு கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு குறைந்தது. பெஞ்சில் யார் உட்காருகிறார், யார் நிற்கிறார் என்பதைக் காகிதக் குவளை தீர்த்துவைக்காது.

ஆம்பூர் பிரியாணி

இவ்வழித்தடத்தின் புகழ்பெற்ற உணவு ஆம்பூர் பிரியாணி. ஆற்காடு நவாபுகளின் சமையல் மரபோடு இதைத் தொடர்புபடுத்துவது பொது வழக்கு. ஆம்பூரில் புகழ்பெற்ற ஸ்டார் பிரியாணி நிறுவனத்தார் தம் தொழிலின் தொடக்கத்தை 1890 ஆம் ஆண்டு எனக் குறிக்கின்றனர்.

இதன் தனித்தன்மை அரிசியிலும் மிளகாயிலும் உள்ளது. நீண்ட பாசுமதி அரிசிக்கு மாறாகக் குறுமணியான சீரகச் சம்பா அரிசி பயன்படுகிறது. மிளகாய்த்தூளுக்கு மாறாகக் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது சேர்க்கப்படுகிறது. இறைச்சியை வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு விழுது, தயிர் ஆகியவற்றுடன் வேகவைத்து, தனியே பாதி வெந்து வடித்த அரிசியை அதனுடன் சேர்ப்பர். பின்னர் மூடியின்மேல் தணல் பரப்பித் தம் போடுவர். பெரிய தேக்சாவில் விறகடுப்பில் செய்வதே கடைகளின் பழைய முறை. புளிப்பும் காரமும் கொண்ட கத்தரிக்காய்த் தொடுகறியும் தயிர் வெங்காயமும் உடன் பரிமாறப்படும். மசாலைப் பொருள்களின் மணம் மிகாமல் இருப்பதே ஆம்பூர் முறையின் அடையாளம்.

இவ்வுணவு அரண்மனையிலிருந்து கடைத்தெருவுக்கு வந்ததில் தோல் தொழிலின் பங்கு உண்டு. முசுலிம் வணிகர்கள் பலர் நடத்திய தொழிற்சாலைகளும், அவற்றில் பணிபுரிந்த முசுலிம், பட்டியல் சாதித் தொழிலாளரும், தோல் வாங்க வரும் வெளியூர் வணிகரும் இறைச்சி உணவுக்கு நிலையான தேவையை உண்டாக்கினர். ஆட்டிறைச்சியைவிட விலை குறைந்த மாட்டிறைச்சிப் பிரியாணி உழைப்பாளரின் உணவாக ஆம்பூரிலும் சுற்றுப்புறத்திலும் நிலைபெற்றது. சாதியும் சமயமும் பாராமல் பலர் ஒரே கடையில் அதை உண்கின்றனர்.

2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிருவாகம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழாவை அறிவித்தது. ஆம்பூர் பிரியாணிக்குப் புவிசார் குறியீடு பெறும் முயற்சியும் அதனுடன் இணைந்திருந்தது. மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு விழாவில் இடமில்லை என்பது தெரிந்ததும் பல அமைப்புகளும் கட்சிகளும் எதிர்த்தன. விழாவுக்கு வெளியே மாட்டிறைச்சிப் பிரியாணியை இலவசமாக வழங்குவோம் என்று சில அமைப்புகள் அறிவித்தன. மழையைக் காரணம் காட்டி நிருவாகம் விழாவை ஒத்திவைத்தது. மாட்டிறைச்சியை விலக்கியது பட்டியல் சாதி மக்களுக்கும் முசுலிம்களுக்கும் எதிரான பாகுபாடு ஆகாதா என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது.

இந்நிகழ்வில் யாரும் கடைக்குள் நுழையத் தடுக்கப்படவில்லை. ஊரில் நாள்தோறும் விற்கும் ஓர் உணவு, ஊரின் பெயரால் நடக்கும் அரசு விழாவில் இடம்பெறலாமா என்பதே கேள்வி. பழைய பந்திப் பிரிவு ஆளைப் பிரித்தது. இங்கு உணவின் வழியாக ஆள் பிரிக்கப்பட்டதாக எதிர்த்தோர் கருதினர்.

மருத்துவமனை, கல்லூரி, மலிவு உணவகம்

ஐடா ஸ்கடர் 1900 இல் வேலூரில் ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருத்துவ நிலையம் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக, சுருக்கமாகச் சி.எம்.சி.யாக, வளர்ந்தது. மேற்கு வங்காளம், வடகிழக்கு மாநிலங்கள், சார்க்கண்டு, வங்காளதேசம் ஆகிய இடங்களிலிருந்து வரும் நோயாளிகளும் உறவினரும் காட்பாடி நிலையத்தில் இறங்குகின்றனர். இவர்களுக்காக மருத்துவமனையைச் சுற்றிய தெருக்களில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த உணவகங்கள் தோன்றின. சோறும் பருப்பும் மீன் குழம்பும் அங்கு கிடைக்கும். நெடுநாள் தங்குவோர் தாமே சமைத்துக்கொள்ள அடுப்பும் பாத்திரமும் தரும் விடுதிகளும் உள்ளன. பயணி தானே சமைத்துக்கொண்ட பழைய சத்திர வழக்கின் புதிய வடிவம் இது.

காட்பாடியில் 1984 இல் தொடங்கிய வேலூர் பொறியியற் கல்லூரி, இன்று வி.ஐ.டி. பல்கலைக்கழகமாக உள்ளது. பல மாநில மாணவர்களின் வருகையால் அதனருகே வட இந்திய, ஆந்திர, கேரள உணவகங்கள் பெருகின. 2013 இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத் திட்டம் அதே ஆண்டில் வேலூர் உள்ளிட்ட பிற மாநகராட்சிகளுக்கும் விரிந்தது. 1 ரூபாய்க்கு இட்லியும், 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதமும், 3 ரூபாய்க்குத் தயிர் சாதமும் தொடக்க விலைகள். அரசு நடத்தும் அவ்வுணவகத்தில் வரிசை ஒன்றே.

நெடுஞ்சாலை ஓட்டல்களும் இங்கிலாந்து விடுதிகளும்

இரயிலால் மங்கிய சாலை, தங்க நாற்கரத் திட்டத்தால் மீண்டும் முதன்மை பெற்றது. முன்பு 4, 46 என்னும் எண்களைக் கொண்டிருந்த பகுதிகள் இன்று தேசிய நெடுஞ்சாலை 48 இல் அடங்கும். சாலை அகலமானபின், வண்டி நிறுத்தமும் கழிப்பறையும் கொண்ட பெரிய ஓட்டல்கள் ஊருக்கு வெளியே எழுந்தன. ஊருக்குள் நிற்காத வண்டிகளால் பழைய சிறு கடைகள் வாடிக்கையாளரை இழந்தன.

இதே ஏற்ற இறக்கம் இங்கிலாந்தின் ஊர்ப்புறத்திலும் நிகழ்ந்தது. அங்கு தங்குமிடத்துடன் கூடிய வழிவிடுதிகளும், ‘பப்’ எனப்படும் மதுவிடுதிகளும் பழமையானவை. மதுக்கடைகளுக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் 1552 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீதிபதிகளிடம் வந்தது. குதிரை வண்டிப் பயணிகளால் செழித்த வழிவிடுதிகள், 1830 க்குப் பிறகு இரயில் பரவியதும் நலிந்தன. இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வண்டி வந்தபின் மீண்டும் உயிர்பெற்றன.

ஒரு முக்கிய வேறுபாடும் உண்டு. தங்குமிடமுள்ள வழிவிடுதியின் உரிமையாளர், தக்க காரணமின்றி எந்தப் பயணியையும் திருப்பியனுப்பக் கூடாது என்பது இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டம். மேற்கிந்தியத் தீவுகளின் துடுப்பாட்ட வீரர் லியரி கான்சுடன்டைன், 1943 இல் இலண்டன் ஓட்டல் ஒன்று தம் நிறத்தால் இடம் மறுத்தபோது இச்சட்டத்தின்படி வழக்குத் தொடுத்து 1944 இல் வென்றார். ஆனால் மதுவிடுதிகளை இச்சட்டம் கட்டுப்படுத்தவில்லை. அங்கு நிறப் பாகுபாட்டைத் தடைசெய்தது 1965 ஆம் ஆண்டின் இன உறவுகள் சட்டமாகும். இந்தியாவின் 1955 ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பத்து ஆண்டுகள் முந்தையது. சட்டம் இயற்றுவதில் இந்தியா முந்திக்கொண்டது; நடைமுறையோ ஊருக்கு ஊர் வேறுபட்டது.

மதிப்பீடு

சத்திரத்தில் கொடையாளர் விருப்பமும், ஓட்டலில் காசும், அரசு உணவகத்தில் சட்டமும் விருந்தினரைத் தீர்மானித்தன. காசு வந்தவுடன் சமத்துவம் தானே வந்துவிட்டது என்று கொள்வது சரியன்று. ஒரே விலை கொடுத்தவர்கள் இரயில் நிலையத்தில் பிரித்து உட்கார வைக்கப்பட்டதும், ஒரே விலைத் தேநீர் இரு குவளைகளில் ஊற்றப்பட்டதும் அதற்குச் சான்று. சட்டம் மட்டும் போதும் என்பதும் சரியன்று. 1941 இன் மாற்றத்துக்குப் பின்னால் பல ஆண்டுப் பிரச்சாரம் இருந்தது; 1955 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் குவளைகள் பல ஊர்களில் இரண்டாகவே இருந்தன.

விடுதலை நாளன்றும், அண்ணா நினைவு நாளான பிப்ரவரி 3 அன்றும் தமிழகத் திருக்கோயில்களில் சமபந்தி உணவு நடத்துவது அரசின் வழக்கம். ஆம்பூரின் பிரியாணிக் கடையிலும் காட்பாடிச் சந்திப்பின் தேநீர்க்கடையிலும் அறிமுகமில்லாதவர்கள் நாள்தோறும் ஒரே பெஞ்சில் அமர்ந்து உண்கின்றனர். முன் தலைமுறையினருக்கு எளிதில் கிடைக்காத உரிமை இது. பெயர்ப்பலகை, பந்தி, குவளை ஆகிய மூன்றிலும் அது தனித்தனியே போராடிப் பெறப்பட்டது.